கோயில் போட்ட கால்கட்டு

“மனுவுல முதல்ல யார் யார் இருக்கோம்னு எழுது. கோயில் தீர்ப்பாயத்துச் சாமியார்கள் படிக்கிறப்போ, குடும்பமே கூடிப் பேசினது தெரியணும்,” என்றார் பெரியண்ணன் கி-சொல்.

மல்-சுன் எழுதினாள். தரையில் சூடு நன்றாக ஏறும் சுவரோரம் பெரியண்ணன். கிம்ச்சித் தட்டு எட்டும் தூரத்தில் அண்ணி. மேசை முனையில், கையெழுத்து அழகாக இருக்கும் பாவத்துக்காக மல்-சுன். உள்ளறைக் கதவை ஒட்டி அக்கா ஒக்-புன். கதவுக்கு அந்தப் பக்கம், கைகால் விழுந்து கிடக்கும் அத்தான் தல்-சு.

“அத்தானையும் சேர்க்கவா?”

“எதுக்கு? அவர் இந்த வீட்ல இருந்ததைவிட இல்லாம இருந்ததுதான் ஜாஸ்தி,” என்றாள் அண்ணி.

பொய்யில்லை. தேஜொன் நகரத்தில் பாட்டுக்கூடம் நடத்தியவளோடு போன அத்தான், போன சூட்டிலேயே கோர்ட்டில் விவாகரத்தும் வாங்கிக்கொண்டார். பக்கவாதம் வந்ததும் அவள் அவரை ஹப்தொக் பஸ் நிலையத்தில் ஒரு பையோடு இறக்கிவிட்டுப் போய்விட்டாள். மூன்று வருஷமாக அக்காதான் கஞ்சி ஊட்டுகிறாள், துணி மாற்றுகிறாள்.

“கோர்ட்டு உன்னை அவிழ்த்துவிட்டுடுச்சு. கோயில்தான் இன்னும் கட்டி வெச்சிருக்கு,” என்றார் அண்ணன். “அந்தக் கல்யாணமே செல்லாதுன்னு மறைமாவட்டத் தீர்ப்பாயம் சொல்லிட்டா, நீ சுதந்திரப் பறவை. சொனான்ல பேரிக்காய்த் தோட்டக்காரர் பேதுரு காத்துக்கிட்டிருக்கார். அறுபது வயசுலயும் அத்தனையும் சொந்தப் பல்லு.”

“நான் போயிட்டா இவருக்கு யாருண்ணா கஞ்சி குடுப்பா?”

“சிலுவையில ஏற்கெனவே ஒருத்தர் தொங்கிட்டாரும்மா. அந்த வேலை காலியில்லை,” என்றாள் அண்ணி.

“காலையில பூசையில அந்தச் சிலுவையைப் பார்த்துத்தானே அண்ணி தேம்பித் தேம்பி அழுதீங்க?” என்றாள் மல்-சுன்.

“அது பூசை. இது குடும்பம்.”

உள்ளே இருமல் கேட்டது. ஒக்-புன் எழுந்துபோய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு வந்தாள்.

“பாரு, மணியடிச்சா ஓடுற வேலைக்காரி மாதிரி! இன்னிக்குக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா அண்ணன் வீடுன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துடு. அடிமையா வாழுறவ என் வாசப்படி மிதிக்க வேண்டாம்,” என்றார் அண்ணன்.

விடுதலை வாங்கித் தர அண்ணன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

ஒக்-புன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மல்-சுன் அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். அக்காகூடத் தளர்ந்துவிட்டாளா?

அண்ணன் உறையை நக்கி ஒட்டி, மேலே இரண்டு குத்தும் குத்தினார். மனசு மாறுவதற்குள் அண்ணி அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்தாள்.

“இப்பத்தான்மா நீ மனுஷி!” என்றார் அண்ணன்.

ஒக்-புன் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளறைக்குக் கிளம்பினாள்.

“உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் போட்டேன் அண்ணா. கல்யாணம் செல்லாதுங்கிற தீர்ப்பு வந்து ஆறு வருஷமாச்சு. பங்குச் சாமியாருக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே மாப்பிள்ளை பார்த்திருப்பீங்க,” என்றவள் கதவைத் தள்ளினாள். “பஸ் நிலையத்துல இருந்து இவரைக் கூட்டிட்டு வந்தப்போ, இவர் எனக்கு யாருமே இல்லை.”