பொத்தான் குடை

கோப்பை செட்டைக் கையில் எடுத்த பிரின்ஸி, அதன் பாரம் தெரிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

இது மூன்றாவது கடை. மாத்தளை திருகோணமலை வீதியில் பரிசுச் சாமானுக்கா பஞ்சம்? ஆனால் அவள் தேடியது றிஸ்மியாவின் இடது கைக்குப் பாரமாக இருக்கக் கூடாது. பார்க்கிற எவருக்கும் சந்தேகம் வரவும் கூடாது.

றிஸ்மியா அவளிடம் தைக்கக் கொடுப்பவள். புற்றுநோய்க்காக இடது பக்க மார்பை எடுத்த பிறகுதான் முதன்முதலில் வந்தாள். பிரின்ஸி கடைக்கதவைச் சாத்திவிட்டு இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்தாள். உள்ளே பஞ்சுப் பை வைத்துத் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள், அழுதுவிட்டாள். பிரின்ஸியும் அழுதாள்.

அதன் பிறகு றிஸ்மியா, கண்டி கிளினிக்கில் பழக்கமானவர்களை ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினாள். இதுவரை நான்கு பேர். நத்தார் பண்டிகைக்கும் பெருநாளுக்கும் மட்டும் ஓடிய மெஷின் இப்போது தினமும் ஓடுகிறது.

நேற்று றிஸ்மியா மறுபடியும் போன் எடுத்துச் சொன்னாள். "அக்கா, வியாழக்கிழமை ஒராள் வருவாங்க. பேர் மட்டும் கேட்டுறாதீங்க. சரியான வெக்கப்படுவாங்க."

தன் கதையைச் சொல்லாமல் இன்னொருத்தியை இப்படி அனுப்ப முடியாது. அது பிரின்ஸிக்குத் தெரியும். இவ்வளவு செய்தவளுக்கு வாயால் நன்றி சொன்னால் போதுமா? மனசு கேட்கவில்லை.

றிஸ்மியாவின் வீடுதான் சிக்கல். பலாபத்வலயில் இருக்கும் அந்த வீட்டில் புருஷனைத் தவிர எவருக்கும் விஷயம் தெரியாதாம். சின்னக் கட்டி ஒன்றை எடுத்ததாகச் சொல்லி வைத்திருந்தார்கள். புருஷனின் தங்கை ஸில்மியாவுக்கு மாப்பிள்ளை பேசுகிற நேரம். இப்படியொரு நோய் வீட்டில் இருப்பது வெளியே தெரிந்தால், வருகிற சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும். மாமியார் நூருன்னிஸாவை நினைத்துத்தான் றிஸ்மியாவுக்குப் பெரிய பயம். "மாமிக்குத் தெரிஞ்சா மாத்தளைக்கே தெரிஞ்ச மாதிரி" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

கதவோரத்தில் குடைகள் தொங்கின. பொத்தானை அழுத்தினால் தானாக விரிகிற குடைகள். ஒரு மழை நாளில், தூக்க முடியாத இடது கையோடு கடை வாசலில் நின்று றிஸ்மியா குடை விரிக்கப் பட்ட பாடு பிரின்ஸியின் கண்ணுக்குள் வந்தது. பச்சை நிறத்தில் ஒன்றை வாங்கினாள்.

பஸ்ஸில் போகும்போதே காரணத்தையும் தயார்பண்ணிக்கொண்டாள். கடைக்குப் பத்து வருஷம் நிறைவு, வாடிக்கைக்காரர்களுக்கு அன்பளிப்பு. ஸில்மியாவின் சல்வார் தைத்து முடிந்திருந்தது. வீட்டுக்குப் போக அது போதும்.

போன நேரம் சரியில்லை. மூன்று பெண்களும் ஹோலிலேயே இருந்தார்கள்.

றிஸ்மியா குடைப் பார்சலை வாங்கியதும் ஸில்மியா அதைப் பறித்துப் பிரித்தாள். பொத்தானை அழுத்தினாள். நடு ஹோலில் குடை படாரென்று விரிந்தது.

"அட, ஒத்தக் கையாலயே விரிக்கலாமே! மதினிக்குன்னே பாத்து வாங்கின மாதிரி இருக்கு. என்னத்துக்கு இது?"

"கடைக்குப் பத்து வருசம்..." என்று பிரின்ஸி இழுத்தாள்.

"போன வருசந்தானே போர்டு மாட்டினீங்க?"

பழைய போர்டு மழையில் உக்கிப்போனது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. உதவிக்கு றிஸ்மியாவைப் பார்த்தாள். றிஸ்மியாவோ மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிரையில் உட்கார்ந்திருந்த நூருன்னிஸா சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "யாவாரம் செய்றவங்க ஆள் புடிக்க எதையாச்சும் குடுக்கத்தான் செய்வாங்க. அதுக்கு என்ன பெரிய விசாரணை? நீ போய் சல்வாரப் போட்டுப் பாரு."

ஸில்மியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

தப்பியாயிற்று. ஆனாலும் 'ஆள் புடிக்க' என்ற சொல் பிரின்ஸியைச் சுட்டது. நன்றி சொல்ல வந்தவளுக்கு இப்படியொரு பேச்சு. றிஸ்மியா கொடுத்த தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்துவிட்டு எழுந்தாள்.

வெளியே தூறல் பிடித்திருந்தது.

"இருங்க, நான் வாறேன்" என்று நூருன்னிஸா குடையை எடுத்தாள்.

போச்சு. கேட்கிறதையெல்லாம் தனியாகக் கேட்கத்தான் வருகிறாள். பிரின்ஸி மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

நூருன்னிஸா வலது கையால் பொத்தானை அழுத்திக் குடையை விரித்தாள். இடது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. குடைக்குள் இருவரும் கேட் வரைக்கும் ஒட்டி நடந்தார்கள்.

கேட்டைத் திறக்கும்போது காற்றில் முந்தானை விலகியது. தையல்காரியின் கண் தானாக அங்கே போனது. பிளவுஸின் இடது பக்கத்தில் திணித்திருந்த துணிச்சுருள் தோள்பட்டைப் பக்கமாக ஏறிக் கிடந்தது.

நூருன்னிஸா அதைக் கீழே இழுத்துவிட்டாள். கண் ரோட்டில் போகிற லொறியில் இருந்தது.

"மருமகள் போன மாசம் எனக்கிட்ட சொல்லிட்டா. நான் என் விசயத்தப் பதினாறு வருசமா ஒத்தருக்கும் சொல்லல்ல."

லொறி போய் மறைந்தது.

"வியாழக்கிழமை கதவச் சாத்துவீங்க தானே, மகள்?"