பழையதே இருக்கட்டும்

சனிக்கிழமை மதியம் மடிக்கணினியை லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாற விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, தோழி ரைலியுடன் ஏரிக்கரையில் இருக்கும் சவுனா என்ற நீராவிக் குளியலறைக்குப் போனேன். என் கணவர் ஊர்ஹோ இறந்தபின் அந்த வேலையை நான் செய்வது இதுதான் முதல்முறை.

சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றியபடி ரைலி கேட்டாள்: "நடுவுல ஒரு கேள்வி கேக்குமே, பதில் சொன்னியா?"

"என்ன கேள்வி?"

"நீங்க மாத்தி வச்சதையே வச்சுக்கவா, புதுசைப் போடவான்னு. பதில் சொல்ற வரைக்கும் அப்படியே நிக்கும். தப்பா அழுத்தித் தொலைச்சிடாதடி. உன் புருஷன் எழுதி வச்சதெல்லாம் போயிடும்."

துண்டோடு ஓடிவந்து பூட்டைத் திறந்தேன். வேலை முடிந்திருந்தது. கணினி திறக்கும்போதெல்லாம் வரும்படி ஊர்ஹோ எனக்காக எழுதிவைத்த வரி திரையில் அப்படியே வந்தது: "ஹில்க்கா, காபி ஆறுது."

பின்னாலேயே வந்த ரைலி, "யாருடி பதில் சொன்னது?" என்றாள்.

பழையதே இருக்கட்டும் என்பதற்கு அழுத்தவேண்டிய எழுத்து விசையின்மேல் ஒரு சர்க்கரைப் பரல் ஒட்டியிருந்தது. சர்க்கரை தூவிய பன் தின்ற கையோடுதான் ஊர்ஹோ தட்டுவார். அதற்காக எவ்வளவோ திட்டியிருக்கிறேன். எனக்கு நீரிழிவு, அவருக்குப் பிறகு இந்த வீட்டுக்குச் சர்க்கரையே வாங்கியதில்லை.

ரைலி அதைத் துடைக்கக் கை நீட்டினாள்.

"விடுடி," என்றேன். "மொதல்ல நன்றி சொல்லிக்கறேன்."