ஐந்தாவது டப்பா

மைசூர் மண்டி மொஹல்லாவில் இருந்த தன் மாவு மில்லில், குப்புசாமி ஐந்து டப்பா சேர்ந்தால்தான் மோட்டாரைப் போடுவார். கிளம்பும்போதுதான் அது கரண்டை அதிகம் இழுக்கும். மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறிய அந்த வருஷம் மின்வெட்டு வேறு. வந்தவர்கள் டப்பாவை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

ஆடி மாதத்து மழைநாள் ஒன்றில், கட்டட வேலைக்குப் போகும் சரசு ராகி கொண்டுவந்தாள். நீல மூடி போட்ட டப்பா. வரிசையில் நான்காவது.

"புள்ளைக்குக் காய்ச்சல்ண்ணே. கஞ்சி காய்ச்சணும்."

"ஸ்வல்ப இரும்மா. இன்னும் ஒண்ணு வரட்டும்."

ஐந்தாவது வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. சரசு ராகியை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை விடியும்வரை தாங்கவில்லை. பிள்ளையோடு அந்த டப்பாவையும் குழியில் வைத்து மூடிவிட்டதாக அவள் புருஷன் வந்து சொன்னான்.

அதற்குப் பிறகு, ஐந்தாவது டப்பாவுக்காக மில்லில் யாரும் காத்திருக்க நேரவில்லை. நான்கு சேர்ந்ததும் வரிசையின் கடைசியில் நீல மூடி டப்பா ஒன்று இருக்கும். குப்புசாமி மோட்டாரைப் போடுவார். நான்கையும் அரைத்துவிட்டுத் திரும்பினால் அது இருக்காது. யார் வைத்தது என்று அவர் ஒருவரையும் கேட்டதில்லை.

தை மாதம் சரசு மறுபடி வந்தாள். கொண்டுவந்த புது டப்பாவை நான்காவதாக வைத்தாள். நிமிர்வதற்குள் அதன் பின்னால் நீல மூடி இருந்தது.

குப்புசாமியின் கை ஸ்விட்சிலேயே நின்றுவிட்டது.

அவள் குனிந்து, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் புறங்கையை அந்த மூடியின்மேல் வைத்தாள்.

"இன்னும் காய்ச்சல் விடலைண்ணே" என்றாள். "மொதல்ல இதை அரைச்சுக் குடுங்க."