பத்தாயிரம் பேர் பார்த்த வீடியோ

ஓர் அணில் தினமும் காட்டைச் சுற்றிவந்து, எங்கே பழம் பழுத்திருக்கிறது, எந்தப் பாதையில் ஆபத்து என்று செல்போனில் வீடியோ போடும். பார்ப்பவர்கள் பதினோரு பேர். அதில் முயல் மட்டும் தவறாமல் ஏதாவது சந்தேகம் கேட்கும். அணிலும் உடனே பதில் எழுதும்.

"வெறும் பதினோரு பேரா?" என்று சிரித்தது ஓணான். "சேத்து வெச்ச கடலையைக் கொடு. நாளைக்கே பத்தாயிரம் பேரைக் காட்டுறேன்."

அணில் கொடுத்தது. சொன்னபடியே எண்ணிக்கை ஏறியது. "அருமை", "சூப்பர்" என்று கீழே குவிந்தன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஓர் உயிரும் இல்லையென்று தெரிந்தும் அணிலுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் வேடன் வலை விரிப்பதைப் பார்த்து, "ஓடைக்கரைக்குப் போகாதீங்க!" என்று அவசரமாக வீடியோ போட்டது. நொடியில் நாலாயிரம் "அருமை". அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கையில் ஓர் அலறல் கேட்டது.

அணில் ஓடிப்போய்ப் பார்த்தது. வலைக்குள் முயல்.

"போகாதேன்னு சொன்னேனே!"

"இந்தக் கரையா, அந்தக் கரையான்னு கேட்டேன்க்கா. நீங்க பதிலே சொல்லலை."

அணில் வலையைக் கடித்தது. வேடன் வருவதற்குள் ஒரு கண்ணி அறுந்தது. முயல் நொண்டியபடி புதருக்குள் மறைந்தது.

அணில் செல்போனை எடுத்துக் கீழே, கீழே தள்ளிக்கொண்டே போனது. நாலாயிரம் "அருமை"களுக்கு அடியில் முயலின் கேள்வி மூன்று முறை இருந்தது. அதற்கும் கீழே ஒரு வரி:

"அக்கா, இருக்கீங்களா?"