ஷட்டர் ஏறும் சத்தம்

"வாசல்ல வந்து நின்னு அமுக்குததுக்கு இது எதுக்குவே? கையாலயே தூக்கிருவேன்லா. தெருமுனையில வரும்போதே திறக்கணும்!"

கார் ஷெட்டுக்குள் நின்று தில்லைநாயகம் சத்தம் போட்டார். ஏணி மேல் நின்ற ரேடியோ மெக்கானிக் தேவசிகாமணி தலையைச் சொறிந்தார். அடுக்களை ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பிரம்மநாயகி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் போன லீவுக்கு வந்தபோது, ஷெட்டின் இரும்பு ஷட்டருக்கு மோட்டார் மாட்டி, ஒரு ரிமோட்டையும் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மூக்குக்கு நேரே பிடித்தால்தான் வேலை செய்யும் ரிமோட். தில்லைநாயகம் ஸ்ரீவைகுண்டத்து உரக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, வாசலில் காரை நிறுத்தி, அதை அமுக்குவார், உதறுவார், திட்டுவார், மறுபடி அமுக்குவார். அந்தத் திட்டுதான் பிரம்மநாயகிக்குத் தெய்வ வாக்கு. அது முடிவதற்குள் மகள் வடிவைப் புறவாசல் வழியாக அனுப்பிவிடுவாள்.

வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள் வடிவு. "இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அப்பா சொன்னது சொன்னதுதான். இப்போது அவள் மாசமாக இருக்கிறாள். அம்மா கைச் சோறு மட்டுமே தொண்டையில் இறங்குகிறது. டெலிபோன் ஆபீஸ் வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவாள். பெற்றவள் பாடு, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கணவர் குளிக்கப் போனதும் பிரம்மநாயகி ஏணியடிக்கு ஓடினாள்.

"சரியாகாதுன்னு சொல்லிருங்களேன், தேவசிகாமணி."

"அதெப்படி மதினி? ஏரியல் ஒயர் பெட்டிக்குள்ள சுருண்டு கெடக்கு. நேரா இழுத்து வெளிய மாட்டினா தீந்துது. அண்ணாச்சி என்னை விடுவாவளா?"

அன்று பூராவும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். தேங்காய்ப்பால் சொதிக்கு உப்புப் போட்டோமா என்பதே மறந்துபோனது. மகளை வராதே என்று சொல்லவும் மனம் வரவில்லை.

சாயங்காலம் வடிவு சொதியை ஊற்றிப் பிசைந்து ரெண்டாவது வாய் எடுக்கும்போது, கடகடவென்று ஷட்டர் ஏறியது.

"ஐயோ, வந்துட்டாவ! எந்திரிட்டி!"

எச்சில் கையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வடிவு புறவாசலுக்கு ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. பிரம்மநாயகி தட்டை ஒளித்து, செருப்பை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, முன்னால் வந்து பார்த்தாள்.

ஷட்டர் திறந்து கிடந்தது. காரைக் காணோம்.

நல்ல நேரம் கழித்துத்தான் கார் வந்தது. எவரிடமாவது ரிமோட்டைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் மனுஷன் பெருமை எதுவும் பேசவில்லை. சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் தேவசிகாமணி மறுபடியும் ஏணியோடு வந்துவிட்டார். காப்பி கொண்டுபோன பிரம்மநாயகி, உள்ளே கேட்ட பேச்சில் ஷெட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"பத்தாதுவே. மெயின் ரோட்டுல திரும்பும்போதே ஏறணும்."

"அம்புட்டுத் தூரத்துலயா? எதுக்கு அண்ணாச்சி? நீங்க வந்து சேருததுக்குள்ள திருடன்லா உள்ள போயிருவான்!"

"போனாப் போறான்." தில்லைநாயகம் ரிமோட்டைக் கையில் உருட்டினார். "நேத்து தெருமுனையில வண்டியை நிப்பாட்டிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். மூஞ்சியைப் பாக்கலவே, முதுகைத்தான் பாத்தேன். பிள்ளை ஒத்தைச் செருப்போட சந்துல ஓடுதா. வாயும் வயிறுமா இருக்குதவ ஓடலாமா? இந்தச் சத்தம் கேட்ட பொறவு, அவ சோத்தைத் தின்னு, கையைக் கழுவி, பைய நடந்து போகதுக்கு நேரம் வேணும்லா?"