அப்பா வழி

பெங்களூர் டாக்டர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, மூர்த்தி தன் மனைவி சுகுணாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பதின்மூன்று வருஷமாக அவன்தான் மொழிபெயர்ப்பாளன். துறையூர்க்காரிக்குக் கன்னடம் எங்கே தெரியும்? அதில் அவனுக்கு ஒரு சின்ன கர்வம்கூட. கர்வப்பட அவனிடம் வேறு எதுவும் பெரிதாக இல்லை.

ஓசூரில் ஒரு கம்பெனியின் கம்ப்ரசர் ரூம் அவன் பொறுப்பு. எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு மோட்டார் வந்துவிடும்.

மகள் தர்ஷினியின் இதயத் தசைக்குச் ‘சுருங்கு’ என்கிற கட்டளை ஒழுங்காகத்தான் வருகிறதாம். சுருங்குவதற்குத் தெம்பு தரவேண்டிய மைட்டோகாண்ட்ரியாவில்தான் பழுதாம்.

“சிக்னல் போகுது. ஜெனரேட்டர்தான் இழுக்க மாட்டேங்குது” என்றான்.

சுகுணா தலையாட்டினாள்.

ஒரு செல்லுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் இருக்குமாம், எல்லாமே பழுதில்லையாம். மாத்திரை உண்டு. பாப்பா ஓடக்கூடாது. அவள் அப்பனும் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினவனில்லை என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

அடுத்து அவர் சொன்னதில் மூர்த்தியின் வாய் நின்றுபோனது.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும். ரத்தப் பரிசோதனையும் அதையே சொல்கிறது. குழந்தையின் அம்மாவுக்கும் ஒரு எக்கோ எடுத்து, இதயத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு மாதமாக அவன் அம்மா மங்கம்மா, ‘நம்ம வகையறாவுல இப்படி யாருக்கும் இல்லியே’ என்று சுகுணா காதுபடவே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சுகுணா அவன் முகத்தையே பார்த்தாள்.

“அப்பா வழியில வந்ததாம்” என்றான். “உனக்கும் ஒரு எக்கோ எடுக்கணுமாம். சும்மா, ஆஸ்பத்திரி வழக்கம்.”

அவன் சொன்ன பொய் எதுவும் அவளிடம் அரை நாள் நின்றதில்லை. இது எப்படியோ நின்றுவிட்டது. அவள் ஒன்றும் கேட்காமல் எழுந்தாள்.

வெளியே வந்ததும் நேராக நர்ஸிடம் போனாள். தாய்க்கு எக்கோ எடுப்பது எந்த மாடியில் என்று கேட்டாள். கொஞ்சமும் தடுமாறாத கன்னடத்தில்.

மூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷமாக அவள் வேலை பார்க்கும் அசெம்பிளி லைனில் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடப் பெண்கள்.

சுகுணா திரும்பி வந்து, அவன் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டாள்.

“உங்கம்மா கேட்டாலும் இப்படியே சொல்லுங்க.”