இவருக்குப் பதில் இவர்

பிரிட்ஜ் கதைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் இல்லை, ரீவியில் இருக்கிற பிரிட்ஜ். செத்துப்போன மாமியாரின் ஆவி அதற்குள் புகுந்திருக்கிறதாம். மருமகள் முட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் போதும், உள்ளே இருந்துகொண்டு புத்தி சொல்லத் தொடங்கிவிடும்.

இந்தக் கண்றாவியை எழுதினவன் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவேன்.

அம்மாவோ கதிரை நுனியில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் காதுதான்.

சனிக்கிழமை. நாடகம் முடிந்த கையோடு கனடாவிலிருந்து அண்ணாவின் கோல் வரும். அதற்காகப் பின்னேரமே முகம் கழுவி, தலை இழுத்து, ஆயத்தமாக இருப்பார்.

அந்தக் கோலில்தான் அம்மாவின் வாயில் தேன் வடியும். "என்ர ராசா" என்பார். "என்ர குஞ்சு" என்பார். ஊசி போடுகிற, களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்கில் விடியவே வரிசையில் நிற்கிற, சோறு குழைத்துக் கையில் கொடுக்கிற எனக்கு எப்போதும் "டேய்"தான்.

அதுகூடப் பரவாயில்லை. என்னைப் பற்றிய முறைப்பாடும் அவனிடம்தான் போகும். சின்னவன் எரிந்து விழுகிறானாம். சின்னவனுக்கு அம்மாவில் பட்சமே இல்லையாம்.

"நான் அவனோட கதைக்கிறன் அம்மா" என்று அண்ணா சமாளிப்பான்.

அப்படிச் சமாளிப்பது நான்தான்.

அண்ணா சுகிர்தன் தை மாதம் ரொறன்ரோவில், வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவ்வளவுதான், ஆள் முடிந்தது. அம்மாவின் ஒப்பரேஷன் செய்த நெஞ்சு இதைத் தாங்காது, ஒரு மூச்சும் விடாதே என்று மாமா அங்கிருந்து கட்டளை போட்டார். அவருக்கென்ன, கட்டளையைப் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அண்ணாவின் செத்தவீட்டை நான் பாத்ரூமுக்குள் நின்று, பைப்பைத் திறந்துவிட்டு, போனில் பார்த்தேன். வாய்விட்டு அழக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே எங்கள் இருவருக்கும் ஒரே குரல். அதுதான் என் தலையெழுத்து. சனிக்கிழமைகளில் "பாண் வாங்கியாறன்" என்று இறங்கிப் போவேன். ஒழுங்கையின் கடற்கரை முனையில், தண்டவாளத்தோரம் நின்று, வேறொரு சிம்மிலிருந்து, அண்ணாவாக அம்மாவுக்குக் கோல் எடுப்பேன்.

ஒருமுறை அண்ணாவின் குரலிலேயே, "தேனுஜன் பாவம் அம்மா, நல்ல பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அங்கே குளிரோ என்று கேட்டார்.

ஒன்றும் அறியாத மனிசியோடு மல்லுக்கட்டவும் முடியாது. தையிலிருந்து ஒரு மாதம் கோயில் பக்கமே வரமாட்டேன் என்றார். முழங்கால் நோவாம். சித்திரை வருசத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த சீலையை விரித்தும் பார்க்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நிறம் பிடிக்கவில்லையாம். கண் தெரியாத ஆளுக்கு நிறம் ஒரு கேடு!

விளம்பரம் முடிந்து, திரையில் இரண்டு பெண்களின் படங்களோடு அந்த வழமையான அறிவிப்பு வந்தது. இனி இவருக்குப் பதில் இவர். பிரிட்ஜ் மாமியாருக்குக் குரல் கொடுத்தவள் போய், வேறொருத்தி வந்திருக்கிறாள். எனக்கு நல்ல சந்தோஷம். சத்தமாக வாசித்துச் சொன்னேன்.

"அது எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்" என்றார் அம்மா.

நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

"பிறகேன் கேக்கிறியள்? செத்த மனிசி பிரிட்ஜுக்குள்ள இருந்து கதைக்குமே? அதிலயும் ஆள்மாறாட்டம்!"

"கதை விசர்க்கதைதான். அதுக்கு அவள் என்ன செய்வாள், பாவம்? குடுத்த கதையை உயிரைக் குடுத்துச் செய்யிறாள். கேக்க ஆளில்லாட்டி அவளின்ர பாடு என்ன?"

நாடகம் முடிந்தது. பெயர்கள் ஓடின. நான் எழும்பவில்லை.

இன்றைக்கு விட்டால் என்ன என்றிருந்தது. அண்ணாவுக்கு வேலை, எடுக்கவில்லை என்று போகட்டும். ஒரு சனிக்கிழமையாவது நான் நானாகவே இருந்து, அந்த "ராசா"வை நேருக்கு நேர் வாங்கிப் பார்க்க வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அம்மா, இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு இருப்பமே?"

அம்மாவின் கை மடியில் போனைத் தேடியது.

"பாண் வாங்கேல்லையே? அண்ணா எடுக்கிற நேரம். போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு பக்கத்தில் இருக்கிறவனை விட, செத்தவன்தான் இந்த வீட்டில் பெரிசு. செருப்பை மாட்டிக்கொண்டு, அடித்துச் சாத்துகிற எண்ணத்தோடு கதவைத் திறந்தேன்.

"டேய்."

திரும்பினேன். அம்மாவின் முகம் ரீவிப் பக்கமே இருந்தது. போனை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார்.

"இண்டைக்குக் கடல் பக்கம் நிக்காத. போனில ரயில் சத்தம் கேக்குது."